ஹாலில் தொங்கும் காலி ஃபிரேம்

சிறுவர் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஆங்கில மரபுத்தொடர் போட்டியில் பத்துக்குப் பத்தும் சரியாக எழுதிய என்னை, வயதைக் காட்டி வெளியே தள்ளிவிட்டீர்கள். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை. சொல்லியாகிவிட்டது, வணக்கம், தாங்கள் நலமா?

எனக்கு அறுபத்தேழு வயது. பஸ் டிப்போ ஸ்டோரில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மகனும் மருமகளும் என்னிடம் மறைக்க வேண்டியதையெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அந்த வயிற்றெரிச்சலில்தான் உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டிப் படிக்க ஆரம்பித்தேன். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் சுலபமான வேலை, ‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை, ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறுவது. போன மாதம் மருமகள் என் எதிரிலேயே மகனிடம், ‘டோன்ட் ஸ்பில் த பீன்ஸ்’ என்றாள். “எதை உளறக் கூடாதுன்னு சொல்றேம்மா?” என்று கேட்டேன். என்னைக் கேட்காமல் என் கண்ணுக்கு ஆபரேஷன் தேதி வாங்கியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

அப்படிப்பட்ட என்னையா தள்ளினீர்கள்? வயதுச் சான்று இணைக்கவும் என்று போட்டிருந்தீர்கள். இணைப்பு இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட நான் வெளியே விட்டதில்லை. பென்ஷன் புத்தக நகலை, நானே கையெழுத்துப் போட்டு, குண்டூசி குத்தி அனுப்பினேன். பிள்ளைகளில் பாதிப்பேர் எதையுமே இணைக்கவில்லையாம், உங்கள் ஆபீஸ் பெண்ணே போனில் ஒத்துக்கொண்டது. “தாத்தா, இது பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு” என்றது. “நான் இங்கிலீஷ் ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆகுது. அப்படிப் பார்த்தா உங்க போட்டியிலேயே நான்தான் கைக்குழந்தை” என்றேன். சிரிக்கிறது! ஏழே ஏழு சரியாக எழுதிய பிள்ளைக்கு முதல் பரிசு.

என் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்றை இதுவரை எவரும் எனக்குத் தந்ததில்லை. உங்கள் போட்டிச் சான்றிதழ் நிச்சயம் என்று நம்பிக் கண்ணாடி போட்ட ஃபிரேம் வாங்கி, ஹாலில் ஆணி அடித்து முன்கூட்டியே மாட்டிவிட்டேன். இப்போது வருகிறவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொள்கிறார்கள்.

ஆகவே, நீங்கள் அடுத்த இதழிலேயே வயது விதியை அடியோடு எடுக்க வேண்டும். சிரித்ததற்கு அந்தப் பெண் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அச்சகத்தார் சான்றிதழில் என் இனிஷியலைத் தப்பில்லாமல் போட வேண்டும். அளவு பத்துக்கு எட்டு அங்குலம், ஃபிரேம் அந்த அளவுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீதியோடு வளரட்டும்.

கோபம் ஆறாமல்,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்

பி.கு.: பிழை பார்க்க இதை எதிர்வீட்டு ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “விதியை எடுத்துட்டா நானும் எழுதலாம் போலிருக்கே” என்கிறார். எனவே விதி அப்படியே இருக்கட்டும், நல்ல விதி. நீங்கள் எனக்கு மட்டும் விலக்குத் தர வேண்டும். அவர் கவர் வந்தால் அந்தப் பெண் கண்டிப்பாக வயதுச் சான்று கேட்க வேண்டும். போனில் சிரித்தாலும் பரவாயில்லை.