மூன்றாம் வார வீட்டுப்பாடமும் என் முழங்காலும்

ரோலண்ட் கிராசிங், மிச்சிகன்
மே 30, 2020

பெருமதிப்புக்குரிய அக்கா எல்மாவுக்கு, தம்பி ரெய்னோ எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பள்ளிப் பேருந்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். துலூத்தில் நீயும் உன் பூனையும் முகக்கவசத்தோடும் முகக்கவசமில்லாமலும் முறையே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டதாக உன் இரண்டாம் கடிதம் சொன்னது. நியாயமான கோபம். ஆனால் அக்கா, நான் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க இலக்கியத்துக்குத் தொண்டு செய்துகொண்டிருந்தேன். அதனால் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினேன். விவரம் கேள்.

மார்ச்சில் பள்ளியை மூடினார்கள் அல்லவா, எல்லாப் பாடமும் இனிமேல் கணினி வழியாக என்று எங்கள் கண்காணிப்பாளர் ஹாடிக்ஸ் வானொலியில் அறிவித்தார். அருமையான திட்டம். ஒரே ஒரு குறை, எங்கள் பக்கத்துக் காட்டு வீடுகளில் இருபத்து மூன்றுக்கு இணையம் கிடையாது. இதை யாரோ அவருக்கு எடுத்துச் சொன்னதும் மனிதர் மூன்று நாள் யோசித்து, காகிதம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை தோறும் நான் பேருந்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் அந்த வாரத்து வீட்டுப்பாடக் கட்டைப் போட வேண்டும், வெள்ளிக்கிழமை தோறும் எழுதி முடித்ததை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும், நான்கு மணிக்கு மேல் வருவதற்குச் சுழியம். எழுபத்திரண்டு பேர் உட்காரும் பேருந்தில் நானும் இருபத்து மூன்று உறைகளும். சிவப்பு விளக்குப் போட்டு, கதவைத் திறந்து, ஒரு உறையை இறக்கிவிட்டுக் கதவை மூடுவேன். ஒரு விதத்தில் நிம்மதிதான், உறைகள் பின் இருக்கையில் சண்டை போடாது, சூயிங்கம் ஒட்டாது.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. மூன்றாம் வார வெள்ளிக்கிழமை, எட்டாவது நிறுத்தத்தில் டெஸ்ஸா நீமியின் உறையை எடுத்தேன். டெஸ்ஸா யாரென்றால், மரமில்லில் வேலை பார்க்கும் மார்லா நீமியின் பெண், பதினேழு வயது, ஆறாவது வயதிலிருந்து என் பேருந்தில்தான் வருகிறாள். அவளுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும், வெல்டிங். மார்க்கெட் நகரத்தில் இருக்கும் தொழிற்கல்லூரியில் இலையுதிர்காலத்தில் சேர வேண்டும், அதற்கு ஆங்கிலத்தில் எப்படியாவது தேறினால் போதும் என்று என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அமெரிக்க இலக்கியத்தில் அவள் அப்போது தேர்வுக்கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சுழியம் விழுந்தால் வெல்டிங் போச்சு. அவள் உறையை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்பதாவது நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே பனி வாரும் வண்டி தபால் பெட்டியைத் தட்டிவிட்டுப் போயிருந்ததால் இறங்கி வாசல்வரை நடந்தேன். திரும்பி வந்தால் அந்த வீட்டு நாய், சார்ஜென்ட் என்று பெயர், திறந்திருந்த கதவு வழியாக ஏறி என் இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டெஸ்ஸா மான்கறித் தொத்திறைச்சி தின்றுகொண்டே பாடம் எழுதுகிற ஜாதி. உறையில் அந்த வாசனை. மிச்சமிருந்தது ஒரு மூலையும் ‘டெ’ என்ற எழுத்தும்.

அக்கா, சிரிக்காதே. வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்லும் பிள்ளைகளை முப்பத்தொரு வருடமாக நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. “நாய் தின்னுடுச்சுன்னு சொல்றவன் இறங்கி நாயோட நடந்து வா” என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி கத்தியவன் நான். இப்போது மூன்றே கால் மணிக்கு ஹாடிக்ஸ் முன்னால் போய் நின்று என்ன சொல்வது? கையில் மிச்சமாக ஒரு வெற்றுக் கட்டு இருந்தது. பேருந்தைப் பள்ளி வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து, நானே எழுதினேன்.

கேள்வி இதுதான்: ‘ரயிலுக்குக் காத்திருக்கும் விதவையின் கதையைப் படித்தீர்கள். காத்திருத்தல் என்பதை உங்கள் வாழ்விலிருந்து முந்நூறு சொற்களில் எழுதுக.’ பதினேழு வயதுப் பெண் எதற்காகக் காத்திருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் இரண்டு வரி பெண்ணாகத்தான் இருந்தேன். மூன்றாவது வரியில் முழங்கால் வந்துவிட்டது. விடிவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பனி வரப்போவதை வலது முழங்கால் முதல் நாளே சொல்லிவிடுவது, கதவைத் திறந்தால் இப்போது யாரும் ஏறாதது, இருந்தாலும் பழக்கத்தில் கண்ணாடியில் பின்னால் பார்ப்பது. அவ்வளவுதான் எழுதினேன். மேலே டெஸ்ஸா நீமி என்று பெயர் போட்டேன். பள்ளி மூடும்வரை பிள்ளைகள் எல்லாவற்றையும் பள்ளிக் கணினியில்தான் தட்டினார்கள் என்பதால் யார் கையெழுத்து எது என்று ஆசிரியைக்கு அவ்வளவாகத் தெரியாது. ஐம்பது வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சேர்த்துவிட்டேன்.

தொண்ணூற்றாறு வந்தது.

அமெரிக்க இலக்கிய ஆசிரியை டெரோஷியர் அம்மாளை நீ பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. குச்சி மாதிரி இருப்பார், சிவப்புப் பேனாவைக் காதுக்கு மேல் செருகியிருப்பார், வாக்கியத்தில் வாத்து வந்தால் அது வாத்து என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். திங்கட்கிழமை டெஸ்ஸாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டை நான் பிரித்துப் பார்த்தேன் (குற்றம்தான், தெரியும்). ஓரம் முழுக்கச் சிவப்பு. ‘வலிக்கும் முழங்கால், மண்டியிட மறுக்கும் ஒரு தேசத்தின் துணிச்சலான குறியீடு!’ என்று எழுதியிருந்தார். காலிப் பேருந்துக்கு இரண்டு அடிக்கோடு, ‘இளமையின் வெறுமை’. அக்கா, அது மூட்டுத் தேய்மானம். டாக்டரிடம் படம் இருக்கிறது. கட்டை என் இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை எட்டாவது நிறுத்தத்தில் தபால் பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு டெஸ்ஸா நின்றிருந்தாள்.

“மிஸ்டர் லாஹ்டி, டீச்சர் போன் பண்ணாங்க. என் முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க.”

“எப்படி இருக்கு?”

“எனக்குப் பதினேழு வயசு! முழங்காலு முழங்கால் மாதிரி இருக்கு. நான் எழுதினது முழுக்க எங்க மாமா லாரி ஸ்பேர் பார்ட்ஸுக்குக் காத்திருந்த கதை. அதுல முழங்காலே கிடையாது.”

“நல்ல மார்க்தானே வந்திருக்கு? விடேன்.”

“எப்படி விடறது? டீச்சர் எங்கம்மாகிட்ட நான் பிறவி எழுத்தாளர்னு சொல்லிட்டாங்க. அம்மா அரை மணி நேரம் அழுதாங்க. சந்தோஷத்துல! இப்ப வெல்டிங் ஃபாரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. ‘உன் கையி பேனா புடிக்கிற கையிடி, அதைக் கொண்டுபோய் நெருப்புல வைப்பியா’ன்னு கேக்கறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். யார் எழுதினது அது?”

நான் தொண்டையைக் கனைத்தேன். “டெஸ்ஸா, உன் பாடத்தை நாய் தின்னுடுச்சும்மா.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது. “நீங்களா? நீங்களா இதைச் சொல்றீங்க?” என்றாள். அப்புறம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. “மிஸ்டர் லாஹ்டி, எனக்கு வேற எதுவும் நல்லா வராது. இது ஒண்ணுதான் வரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மீதி நிறுத்தங்களில் நான் யாருக்கு எந்த உறையைப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இயற்கணிதம் போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கே பள்ளிக்குப் போனேன். டெரோஷியர் அம்மாள் வண்டி நிறுத்துமிடத்தில் தன் காரில் காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“பாவம், கூச்ச சுபாவம் உள்ள பொண்ணு. புகழ் தாங்காம உங்களை அனுப்பியிருக்கா” என்றார்.

“அம்மா, எழுதினது நான்.”

“நாய் தின்னுடுச்சுங்கறீங்க. வேற நல்ல சாக்கு கிடைக்கலையா, லாஹ்டி? அந்த முழங்காலை எழுத ஒரு தனி மனசு வேணும்.”

“மனசு வேண்டாங்க, முழங்கால் போதும்” என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து எழுந்தேன். காய்ந்த விறகு முறிவது மாதிரி சத்தம் வந்தது. “கேட்டுதா? இதுதான் உங்க துணிச்சலான குறியீடு.”

அம்மாள் அசரவில்லை. காரிலிருந்து அந்த வார வீட்டுப்பாடத்தை எடுத்து நீட்டினார். ‘உங்களுக்குப் பழக்கமான ஓர் இடத்தை வருணிக்க.’ “இங்கயே எழுதுங்க” என்றார். பேருந்தின் படியில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் பேருந்தைப் பற்றியே எழுதிக் கொடுத்தேன். ஹீட்டர் இரண்டாவது வரிசைக்கு மேல் எட்டாது, ஏழாவது இருக்கையில் எவனோ தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் கீறி, பிறகு அவள் பெயரை மட்டும் சுரண்டி வைத்திருக்கிறான், இந்த மாதிரி. அவர் இரண்டு தடவை படித்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லையே” என்றார்.

“அன்னிக்கு இருந்ததுதான் இன்னிக்கும் இருக்கு.”

காரிலிருந்து தன் மதிப்பெண் கோப்பைத் தேடி எடுத்தார். நல்லதை நகல் எடுத்து வைக்கும் வழக்கமாம். மூன்றாம் வாரத்து நகலைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தார். என் ‘ஓ’ வண்டிச் சக்கரம் பஞ்சரானது மாதிரி இருக்கும், அது காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு காதிலிருந்து பேனாவை எடுத்து, தொண்ணூற்றாறை அடித்து அறுபத்தொன்று போட்டார்.

“அதே வார்த்தைங்கதானேம்மா?” என்றேன், மனசு கேட்காமல்.

“பதினேழு வயசுப் பொண்ணு எழுதினா அது கற்பனை, லாஹ்டி. நீங்க எழுதினா அது புகார்.”

சரி, போகட்டும் என்று திரும்பினேன். அப்போது அவர் பின்னாலிருந்து, குரலே மாறிப்போய்ச் சொன்னார்: “இந்த வசந்தம் பூரா நூத்துப்பத்து கட்டு வந்தது. அடுப்புல பால் பொங்கறதை மறந்துட்டு நான் உட்கார்ந்து படிச்சது அது ஒண்ணுதான். அதை ஒரு குழந்தை எழுதியிருக்குன்னு நெனச்சப்ப, நான் பண்ற வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தோணிச்சு. அதையும் எடுத்துட்டீங்க.” அக்கா, கேலி பண்ண வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். கவசத்துக்குள் கேட்டதால் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. ஆனால் மார்லாவுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார், டெஸ்ஸா மூன்றாம் வாரத்தை மறுபடி எழுதலாம் என்றும் சொன்னார்.

மார்லா அந்தக் குறிப்பை வாசலில் நின்றபடியே படித்தாள். இந்தத் தடவை அழுகை வேறு திசையில் போனது. “ஒரு வாரமா என் பொண்ணு எழுத்தாளர்னு மில்லு முழுக்கச் சொல்லிட்டேன்! ஃபோர்மேன் கைகுடுத்தான்! இப்ப என்னன்னு சொல்ல?” என்று என் மேல் பாய்ந்தாள். “பஸ் டிரைவர் எழுத்தாளர்னு சொல்லு” என்றேன். வாயில் சனி. அவள் காலிலிருந்த ரப்பர் செருப்பு என் காதோரமாகப் போனது. உள்ளேயிருந்து டெஸ்ஸா மெதுவாக வந்து, தான் கொட்டகையில் வெல்டிங் செய்து ஒட்டவைத்த டிராக்டர் கொக்கியை அம்மாவின் கையில் வைத்தாள். மார்லா அந்த ஒட்டைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மில்லில் எத்தனையோ ஒட்டுகளைப் பார்த்தவள். “இது நீ பண்ணதா?” என்றாள். பிறகு பேனா எங்கே என்று என்னிடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஃபாரம் என் கைக்கு வந்தது. தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் போகும். ஆகவே இருபத்து மூன்று உறைகளையும் சேர்த்த கையோடு காலிப் பள்ளிப் பேருந்தை மார்க்கெட் நகரத்துக்கு விட்டேன், நாற்பத்தெட்டு மைல், வழியெல்லாம் ஜனங்கள் பள்ளி திறந்துவிட்டதாக நினைத்துக் கையசைத்தார்கள். ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடுகிற பெண்மணியின் கையில் கொடுத்துவிட்டேன். அனுமதியில்லாமல் மாவட்டம் தாண்டியதற்கு ஹாடிக்ஸ் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதில் மூன்று எழுத்துப் பிழை. டெஸ்ஸா மறுபடி எழுதியது மொத்தம் நாலு வாக்கியம், ஒட்டு ஆறும்வரை தொடாமல் காத்திருப்பது பற்றி. எழுபத்து நான்கு வந்தது. தேறிவிட்டாள்.

ஆகவே அக்கா, இதனால் நான் அறிந்துகொண்டது, இலக்கியம் எனக்கு ஆகாது. இனிமேல் பெட்ரோல் கணக்குக்கு மேல் ஒரு வரி எழுதுவதாக இல்லை. இந்தக் கடிதமே கடைசி. அந்த அம்மாளின் முகத்திலும் இனி விழிப்பதாக இல்லை. உன் பூனைக்கு என் அன்பு. பக்கத்து வீட்டு ஓலாவுக்கு என் விசாரிப்பு. கையைக் கழுவு, மாத்திரையை மறக்காதே, கடவுள் உன்னையும் உன் மூன்றாவது மாடி லிஃப்டையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அடங்கிய தம்பி,
ரெய்னோ லாஹ்டி

பி.கு. (ஜூன் 12): தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் பேருந்திலேயே கிடந்துவிட்டது. இதற்கிடையில் டெரோஷியர் அம்மாள் கோடையில் பெரியவர்களுக்கென்று அஞ்சல்வழி இலக்கிய வகுப்பு ஆரம்பித்து, என்னைக் கேட்காமலே என் பெயரைச் சேர்த்துவிட்டார். நானும் கேட்காமலே சம்மதித்துவிட்டேன். முதல் வார வீட்டுப்பாடம், ‘உறவினர் ஒருவருக்குக் கடிதம்’. புதிதாக எழுதுவானேன் என்று அவரைப் பற்றிய இடங்களை மட்டும் கொஞ்சம் மெருகேற்றி இதையே பிரதி எடுத்துக் கொடுத்தேன். எண்பத்தெட்டு! ஓரத்தில், ‘தொலைவில், மூன்றாவது மாடியில், பதில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் அக்கா, நம் காலத்தின் அருமையான குறியீடு. இப்படி ஒருவர் நிஜத்தில் இருக்கவே முடியாது’ என்று எழுதியிருக்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்ப மாட்டேன் என்கிறார். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். நீயே ஒரு போன் போட்டு, இருக்கிறேன் என்று சொல்லிவிடு. ஆனால் சொல்வதற்கு முன், மார்க்கைக் குறைக்க மாட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்.