ஆழ்வாப்பிள்ளை விட்ட பெருமூச்சு

ஆழ்வாப்பிள்ளை சாதக ஓலையைச் சுருட்டி நூலால் கட்டி, அருளம்பலத்தின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"உனக்குத் தரேலாது."

"ஏனையா? கடனுக்கு ஈடாய்க் காணி உறுதி கொண்டந்திருக்கிறன். ஒரு வில்லங்கமும் இல்லாத காணி."

"காணி நல்ல காணி."

"அப்ப என்ன குறை?"

ஆழ்வாப்பிள்ளை அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருதரம் பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒண்டும் கேளாதை. போ. நல்லாயிரு."

உச்சி வெயில். ஒழுங்கையில் ஒரு சனமில்லை. காற்று நின்றுபோய், பனைகளில் ஓலைகூட அசையவில்லை. அந்தப் பெருமூச்சு தன் பிடரிக்குப் பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருந்தது அருளம்பலத்துக்கு. திரும்பிப் பார்த்தான். ஒருவருமில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

அருளம்பலம் வேலி அடைக்கிறவன். அடைப்புக் காலம் முடிந்தால் புகையிலைத் தோட்டங்களில் கூலி. திருவாங்கூரில் புகையிலைக்கு விலை விழுந்த பிறகு அந்தக் கூலியும் பாதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மகள் ஞானத்தை வட்டுக்கோட்டைத் தியாகராசாவின் மகனுக்கு, ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தான். தாலிக்கொடிக்கும் கலியாணச் செலவுக்கும் முந்நூறு ரூபா வேண்டும். கையில் இருந்தது குடியிருக்கும் காணி ஒன்றுதான்.

முதலில், கடன் கொடுக்கிற ஐக்கிய நாணய சங்கத்துக்குத்தான் போயிருந்தான். அதன் காரியதரிசி ஏர்னெஸ்ட் மாஸ்டர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவர் முதலில் கேட்டதே அவனுடைய கூலியைத்தான். கேட்டு, கூட்டி, கழித்துச் சொன்னார்:

"சங்கம் நாப்பது ரூபா தரும்."

"காணி ஆயிரம் பெறும், மாஸ்டர்."

"காணியே கடன் கட்டுறது? உன்ரை கூலியெல்லோ கட்டுறது. கூலி தாங்குற அளவுதான் தரலாம்."

"நாப்பது ரூபாவுக்குத் தாலிக்கயிறுதான் வாங்கலாம்."

"கயிற்றிலை கட்டினாலும் கலியாணம் கலியாணந்தானே."

அருளம்பலத்துக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு மனிசனிடம் கூலியைக் கேட்பது, நாலுபேர் பார்க்க அவன் மடியை அவிழ்த்துப் பார்க்கிற மாதிரி. ஆழ்வாப்பிள்ளை அப்படியில்லை. என்ன உழைக்கிறாய் என்று ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை. சாதகத்தை மட்டும் வாங்கி, தானே ஆயுளைக் கணித்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் காணியை ஈடாக எழுதிக்கொண்டு அள்ளிக் கொடுப்பார்.

"சுடலைப் புகையோடை தன்ரை காசும் போகப்படாதெல்லோ" என்று ஊர் அதற்கு விளக்கம் சொல்லும். போன வருசம் சீவல்காரன் ஒருவனுக்கு அவர் இல்லை என்றார். அந்த மாதமே அவன் பனையால் விழுந்து செத்தான். அதிலிருந்து ஊருக்குச் சந்தேகமேயில்லை. கடன் வாங்கியவர்களிலும் ஒன்றிரண்டு பேர் போய்ச் சேர்ந்ததுண்டு. அது காய்ச்சல் என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டில் மனிசி பூரணம் கேட்டாள்:

"என்னவாம்?"

"தரேலாதாம்."

"பெருமூச்சு விட்டவரே?"

"ஓம். ஏன்?"

பூரணம் எழும்பி அடுப்பில் தண்ணீர் தெளித்தாள்.

"நான் இன்னும் சாகேல்லையடி. அடுப்பை மூட்டு."

அடுத்தநாள் அரிசிக்குப் போனான். கடைக்காரச் சிவக்கொழுந்தர் அரிசி அளக்கிற கொத்தைக் கையில் எடுக்கவேயில்லை.

"காசு கொண்டந்தனியே, அருளம்பலம்?"

"ஏனண்ணை, எப்பவும் மாத முடிவிலைதானே தாறனான்?"

"தருவாய், தருவாய். மாதம் முடியும். நீ முடியாமல் இருக்கவேணுமே."

வேலி அடைக்கச் சொல்லியிருந்த வீட்டுக்காரர் வழியிலேயே மறித்தார். "அரைவாசியிலை விட்டிட்டுப் போனியெண்டா மிச்சத்தை ஆர் அடைக்கிறது? குறை நினையாதை, தம்பி." பக்கத்து வீட்டுக்காரன் தான் இரவல் கொடுத்த கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வளவுக்குள் இருந்த மாமரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான் ஒரு விறகுகாரன்.

"உது ஆருக்கும் விக்கிறதில்லை" என்றான் அருளம்பலம்.

"விலைக்கில்லையண்ணை. தேவைப்படேக்கை நான்தானே தறிக்கவேணும். பச்சையோ காய்ஞ்சதோ எண்டு பாத்தனான்."

அருளம்பலம் சாத்திரியார் நமசிவாயத்திடம் ஓடினான். சாத்திரியார் ஓலையை விரித்து இரண்டுதரம் பார்த்தார்.

"எண்பது வயசுக்குக் குறையாது. ஆயுள் கெட்டி."

அதை ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். சிவக்கொழுந்தர் சிரிக்கவில்லை.

"சாத்திரியார் என்னெண்டு சாகப்போற ஆளுக்கு முகத்துக்கு நேரை சொல்லுறது? தட்சணை வாங்கினவரே?"

"இல்லை. பாவம், வேண்டாமெண்டிட்டார்."

கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்சணை வாங்காத சாத்திரியாரை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

அன்றிரவு அருளம்பலத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. பூரணம் சனீஸ்வரனுக்கு நேர்த்தி வைத்தாள். அவனுக்கு ஒருநேரச் சாப்பாடு. அதோடு தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்கும் நடந்தே போய் வரவேண்டும். போனான். வரும்வழியில் மழையில் நனைந்தான். இருமல் பிடித்தது. ஒருநேரச் சோறும் இறங்காமல் போனது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சால்வை தோளில் நிற்காமல் வழுகியது.

"துவங்கியிட்டுது" என்றது ஊர்.

நடுப்பகலில் அவன் தெருவில் வந்தால் சனம் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டது. குரைக்கிற நாய்கள் குரைக்காமல் எழும்பி, அடுத்த வேலியின் கீழ் போய்ப் படுத்தன. ஒருநாள் கிணற்றில் எட்டிப் பார்த்தான். தண்ணீருக்குள் யாரோ கிழவன் அண்ணாந்து பார்த்தான். "ஆரது?" என்று கேட்டுவிட்டு, தன் குரலுக்குத் தானே பயந்து வாளியை விட்டான். பிறகு வாளி எடுக்க ஒருவரும் பாதாளக்கரண்டி இரவல் கொடுக்கவில்லை. திரும்பி வருமோ என்று யோசித்தார்கள்.

இந்த நேரத்தில் சம்பந்தி தியாகராசா வண்டில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. வேலிப் படலையிலேயே நின்றார்.

"உங்கடை பிள்ளையிலை ஒரு குறையுமில்லை. ஆனா சாவுத் துடக்கு வீட்டிலை நாங்கள் கலியாணம் செய்யேலாது."

"இஞ்சை என்ன துடக்கு? நான் நிக்கிறன்தானே உங்களோடை கதைச்சுக்கொண்டு?"

"இப்ப நிக்கிறியள். ஆவணியிலை?"

வாய் திறந்த அருளம்பலத்துக்கு இருமல்தான் வந்தது.

"நான் ஒண்டு சொல்லுறன்" என்றார் தியாகராசா. "ஆழ்வாப்பிள்ளை உங்களுக்குக் காசு குடுக்கட்டும். குடுத்தா நாங்கள் நம்புறம். இல்லையெண்டா என்ரை பெடியனுக்கு வேறை இடம் பாக்கிறன்."

உள்ளே ஞானம் அழுகிற சத்தம் கேட்டது. அழுகிறது கலியாணத்துக்கா தகப்பனுக்கா என்று அருளம்பலத்துக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே சத்தமாக இருந்தது.

ஆழ்வாப்பிள்ளையிடம் போகும் வழியில் ஏர்னெஸ்ட் மாஸ்டர் சைக்கிளை நிறுத்தினார்.

"அருளம்பலம், சங்கத்திலை அந்த நாப்பது இன்னும் இருக்கு. சின்னனாய் ஒரு கலியாணத்தைச் செய்."

"உங்கடை நாப்பது என்னைச் சாகாமல் வைச்சிருக்குமே, மாஸ்டர்?"

"கட்டி முடிக்குமட்டும் இருக்கத்தான் வேணும். சங்கத்தின்ரை சட்டம் அது."

"எனக்கு ஆழ்வாப்பிள்ளை ஐயாவின்ரை காசுதான் வேணும்."

"அவர் உன்னட்டைக் கூலி கேட்டவரே?"

"இல்லை. அவர் மரியாதையான மனிசன்."

மாஸ்டர் சைக்கிளில் ஏறினார்.

மறுபடியும் உச்சி வெயில். ஆழ்வாப்பிள்ளையின் வீட்டு முற்றத்தைக் கடக்கையில் அருளம்பலத்தின் கால் இரண்டுதரம் தடுக்கியது. சாய்மனைக் கதிரையில் கிடந்த ஆழ்வாப்பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்தபடியே நிமிர்ந்து இருந்தார்.

"ஆர், அருளம்பலமே? என்னடாப்பா, இப்பிடிப் போனாய்?"

"ஐயா, ஒரு பத்து ரூபா எண்டாலும் தாங்கோ. நீங்கள் தந்தாத்தான் ஊர் நம்பும்." ஓலையை நீட்டினான்.

ஆழ்வாப்பிள்ளை ஓலையைத் தொடவில்லை.

"உதை விடு. சாதகம் எழுதுறவன் நேரத்தைப் பிழைபிழையாய் எழுதுவான். இரவிலை நித்திரை வருதே?"

"இல்லை, ஐயா."

"சோறு?"

"இறங்குதில்லை."

"இருமு பாப்பம்."

இருமினான். கேட்காமலே இன்னும் கொஞ்சம் இருமினான். ஆழ்வாப்பிள்ளை தலையைச் சரித்து, கோயில் திருவிழாவில் மேளச்சமா கேட்கிறவர் மாதிரிக் கேட்டார். அவருடைய முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"பத்தென்ன பத்து? முந்நூறெல்லோ கேட்டனி? அஞ்ஞூறாய்க் கொண்டு போ. பிள்ளைக்கு நிறைவாய்ச் செய். உறுதி எழுதுற நொத்தாரிசை நான் கூப்பிடுறன்."

"அஞ்ஞூறு நான் என்னெண்டு ஐயா கட்டுறது?"

"அதைப்பற்றி நீ ஏன் யோசிக்கிறாய்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை அன்பாக.

நொத்தாரிசு வந்தார். காணி ஈடாக எழுதப்பட்டது. அருளம்பலம் கைநாட்டு வைத்தான். ஆழ்வாப்பிள்ளையே அவன் கையைப் பிடித்து அமத்திவிட்டார். பெருமூச்சு விடவில்லை.

காசை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அருளம்பலத்துக்குப் பசித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த பசி. முதலில் சிவக்கொழுந்தர் கடைக்குப் போய், நாலுபேர் பார்க்க நோட்டை மாற்றவேண்டும். பிறகு வட்டுக்கோட்டைக்கு ஆளனுப்பவேண்டும்.

படலையடியில் ஆழ்வாப்பிள்ளை வீட்டுச் சமையற்காரி தெய்வானை மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அருளம்பலத்துக்கு ஆரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கை, ஐயா தந்திட்டார். அஞ்ஞூறு. இனி என்ரை ஆயுளைப்பற்றி இந்த ஊரிலை ஒருத்தனும் வாய் திறக்கேலாது. முதல் ஏன்தான் இல்லையெண்டவரோ தெரியாது."

தெய்வானை அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாளியைக் கீழே வைத்தாள்.

"ஆயுள் கெட்டியான ஆக்களுக்கு ஐயா ஒருநாளும் குடுக்கிறதில்லை, தம்பி. அவையள் இருந்து கடனைக் கட்டிப்போட்டா, காணி என்னெண்டு ஐயாவுக்கு வாறது?"