கறையான்களும் குடிமக்களே

ஒரு குகையில் ஏசி ஓடுகிறது. ஒரு புதரில் குண்டு பல்பு எரிகிறது. கரண்டை மிச்சம் பிடிக்கக் கிளம்பியவர்கள் முதலில் எதை அணைப்பார்கள்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு காட்டில் நகரத்தைப் போலவே தெருவும் தெருவிளக்கும் இருந்தன. கொஞ்சம் மின்சாரம் அருவியிலிருந்து வந்தது. மீதி, புகை கக்கும் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. இப்படியே போனால் காடு தாங்குமா என்று அளந்து பார்க்க, வெளியூரிலிருந்து கொக்கு அதிகாரி வந்தார். தேறினால் ‘பசுமைக் காடு’ என்று சான்றிதழ் தருவார்.

“முறை சுலபம்,” என்றார் கொக்கு, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி. “எரிகிற மின்சாரத்தைக் காட்டிலுள்ள தலைகளால் வகுப்பேன். தலைக்கு ஒரு விளக்குக்கு மேல் போகக் கூடாது. நாளைக் காலையில் வருகிறேன்.”

காட்டின் தலைவர் கரடியார், மின்சாரத்தைக் கவனித்து வந்த கீரியைக் கூப்பிட்டார். “எதையாவது அணையப்பா.”

“உங்கள் குகை ஏசியை அணைக்கட்டுமா, ஐயா?”

“எனக்கு உடம்பெல்லாம் ரோமம். வெந்து போவேன். வேறு சொல்.”

விடை கிடைத்துவிட்டதல்லவா? கீரி நேராகப் புதருக்குப் போய், பல்பின் வயரில் கை வைத்தது.

அங்கே கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. விடாத மழையில் இறகெல்லாம் ஈரம். பல்பின் சூட்டில்தான் முட்டைகள் பிழைத்துக் கிடந்தன.

“தொடாதேடா கீரி! குஞ்சு பொரிக்கிற நேரம். இப்போது குளிர்ந்தால் எல்லாம் கூமுட்டை!”

“நான் என்ன செய்யட்டும் அக்கா? வகுத்தால் கூடுதலாக வருகிறதாமே.”

“வகுக்கத் தெரிந்தவர்களுக்குக் கூட்டத் தெரியாதா? அந்தப் புற்றில் இருக்கும் கறையான்களை எண்ணினீர்களா?”

“கறையானையா? அதுகளிடம் ஒரு விளக்குகூடக் கிடையாதே!”

“அதனால்தான் சொல்கிறேன், மண்டு. எரிப்பது ஒன்றுமில்லை. தலை மட்டும் கோடிக்கணக்கில்.”

கீரி வயரை விட்டுவிட்டு ஓடியது.

மறுநாள் கரடியார் கொக்கைப் புற்றருகே அழைத்துப் போனார். “இவர்கள் என் அருமைக் குடிமக்கள்,” என்றார். வாயில் ஊறிய எச்சிலைத் துடைத்துக்கொண்டார்.

கொக்கு புற்றின் உயரத்தை அலகால் அளந்தார், கணக்குப் போட்டார், கண்ணை மூடித் திறந்தார். “தலைக்கு ஒரு மின்மினி வெளிச்சம்கூட வரவில்லையே! இவ்வளவு சிக்கனமான காட்டை நான் பார்த்ததில்லை!”

சான்றிதழை ஜெனரேட்டர் அறைக் கதவில் ஒட்டினார்கள். இவ்வளவு சிக்கனமாக இருக்கிறோமே என்று கரடியார் இன்னொரு ஏசி மாட்டிக்கொண்டார். புதரில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. முட்டைகள் எல்லாம் பொரிந்தன.

முதலில் வந்த குஞ்சு பசி பசி என்று கத்தியது. கௌதாரி அதைப் புற்றுப் பக்கம் கூட்டிப் போனது.

“கண்ணு, இந்தப் பக்கம் புல்விதை. அந்தப் பக்கம் கறையான். அவர்கள் தலைகளால்தான் நீ உயிரோடு வந்தாய். எது வேண்டும்?”

குஞ்சு இரண்டையும் பார்த்தது. கறையானைத் தின்றது.

நீதி: குடிமக்களைத் தின்பதாக இருந்தால், சான்றிதழ் வந்த பிறகே தின்ன வேண்டும்.