தாழ்ப்பாள் சாரும் தாட்சாயணியும்

மதுரை ஜில்லாவிலேயே தன் நிழலைப் பார்த்து, "யாருய்யா அது?" என்று அதட்டிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தாழ்ப்பாள் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார். திரும்பி வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். மறுபடி தெருமுனை, மறுபடி தாழ்ப்பாள். முதல் மணிக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர, அவர் விடியும்போதே பூட்ட ஆரம்பிக்க வேண்டியிருந்தது. தபால் பெட்டியில் கடிதம் போட்டால் தபால்காரர் வந்து எடுத்துப் போகும்வரை பெட்டிக்குக் காவல் நிற்பார்.

நான் அதே பள்ளியில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார். அவர் வீட்டை ஒட்டிய அறையில் குடிவந்தேன். வந்த அன்றே கேட்டார்.

"ஏன் தம்பி, மதுரையில இம்புட்டுத் தெரு இருக்கு. நீங்க ஏன் எனக்குப் பக்கத்துல வந்தீங்க?"

"வாடகை குறைச்சல் சார்."

"அது ஏன் குறைச்சல்னு விசாரிச்சீங்களா?"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யுத்தம் தொடங்கியபோது, அவரிடம் தனியாகத் தமிழ் பேசப் படித்துக்கொண்டிருந்த மில் எஞ்சினியர் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பினார். கப்பலில் நாய்க்கு இடமில்லை. அதனால் தம் நாயைச் சாருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அது செட்டர் ஜாதி. செம்பைத் துலக்கி வைத்தது போல நிறம், பட்டு நூல் போல முடி. துரைமார் கோடைக்குப் போகும் மலைமேல் நடக்கும் நாய்க் கண்காட்சிகளில் வெள்ளிக் கோப்பைகள் வாங்கிய பெட்டை நாய். பெயர் டச்சஸ். எங்கள் தெரு அந்தப் பெயரைத் தாட்சாயணி என்று திருத்திக்கொண்டது.

"சும்மா தாரான்னா இதுல ஏதோ இருக்கு தம்பி" என்றார் தாழ்ப்பாள் சார். முதல் சந்தேகம் நிறத்தின்மேல் விழுந்தது. சாயம் போட்டிருப்பான் என்று குழாயடியில் நிறுத்திச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினார். நிறம் போகவில்லை. மறுநாளும் தேய்த்தார். அப்போதும் போகவில்லை.

"பாத்தீங்களா? எம்புட்டு ஒசத்தியான சாயம்!" என்றார்.

செட்டர் என்பது பறவை வேட்டைக்கான ஜாதி என்று யாரோ சொன்னதும்தான் அவர் முகம் மலர்ந்தது. அவருக்குக் கௌதாரிக் கறி என்றால் உயிர். ஆனால் சந்தையில் வாங்கமாட்டார். காக்காயை உரித்து வைத்துக்கொண்டு கௌதாரி என்கிறான் என்பது அவர் கட்சி. மாமனார் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி லைசென்ஸோடு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடவே வேட்டை நாயும் வந்துவிட்டது. இனி நம்பிச் சாப்பிடலாம்.

நாய்க்குத்தான் அந்த விவரம் தெரியவில்லை. அதற்கு அப்போது ஐந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்து அது பார்த்த ஒரே வேலை நிற்பது. கழுத்தில் கயிறு பட்டால் போதும். நாலு காலையும் அளந்து ஊன்றி, வாலை நீட்டி, தலையைத் தூக்கிச் சிலையாகிவிடும். யாராவது குனிந்தால் உதட்டை விரித்துப் பல்லைக் காட்டும். கண்காட்சியில் நடுவர்கள் பல் பார்ப்பார்களாம். பால்காரர் செம்பை எடுக்கக் குனிந்தார், காட்டியது. வீட்டில் ஜெபம் செய்ய வந்த மிஷன் உபதேசியார் செருப்பைக் கழற்றக் குனிந்தார், அவருக்கும் காட்டியது. உபதேசியார் அதற்குப் பிறகு ஜெபத்தை வாசலில் நின்றே முடித்துக்கொண்டார்.

பயிற்சி தொடங்கியது. வெடிச் சத்தத்துக்குப் பழக்க வேண்டும் என்று, நாய் சோறு தின்னும்போது தூரத்தில் நின்று தகரத்தைத் தட்டுவார். நாளாக ஆகக் கிட்டே வந்து தட்டினார். நாய் பழகிவிட்டது, தெருதான் பழகவில்லை. கழியில் கோழி இறகைக் கட்டி ஆட்டினார். தாட்சாயணி அதை முகர்ந்து, தும்மிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிஜக் கோழியைக் காட்டியபோது சாரின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

சார் விடவில்லை. மழைக்காலம் முடிந்த குளிரில், விடிந்ததும் விடியாததுமாக விளாங்குடியைத் தாண்டிய புஞ்சைக் காடுகளுக்குக் கிளம்புவோம். சார் தோளில் துப்பாக்கி, வாயில் விசில், கையில் நீளக் கயிறு. கயிற்று முனையில் ராணி மாதிரி சேற்றைத் தாண்டித் தாண்டி நடக்கும் தாட்சாயணி. கட்டுச்சோற்றைச் சுமந்தபடி பின்னால் நான்.

அங்கே ஒரு ஆட்டு வியாபாரியும் அடிக்கடி எதிர்ப்படுவார். எல்லா ஆட்டுக்கும் விலை கேட்பார், ஒன்றையும் வாங்கமாட்டார். "வாத்தியாரய்யா எங்க போறீக? யாரைப் பாக்கப் போறீக?" என்று விசாரிப்பார். எனக்கு அவருடைய ஒட்ட வெட்டிய கிராப்பு பிடிக்கவில்லை. ஊர் முழுவதையும் சந்தேகப்பட்ட சாரோ, "நல்ல மனுசன் தம்பி. என் மேல எம்புட்டு அக்கறையா விசாரிக்கிறாரு பாருங்க" என்றார்.

ஒரு நாள் காலை, மழை ஈரம் காயாத ஒரு சோளக்கொல்லை ஓரத்தில் தாட்சாயணியின் மூக்கு தரைக்குப் போனது. முதல் தடவையாகச் சேற்றில் காலை வைத்தாள். வளைந்து வளைந்து ஓடியவள், ஓர் ஆவாரம் புதருக்கு எதிரே ஒரு காலைத் தூக்கியபடி விறைத்து நின்றாள். கண்காட்சி நிற்பு அல்ல அது. உடம்பெல்லாம் நடுங்கியது.

சார் முகம் மாறியது. "உள்ள எவனோ பதுங்கியிருக்கான் தம்பி!" துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, "டேய், வெளிய வாடா!" என்று கத்தினார்.

வந்தன. ஒரு கூட்டம் கௌதாரி சடசடவென்று அவர் முகத்தை உரசிக்கொண்டு பறந்தது. சார் மல்லாந்து விழுந்தார். துப்பாக்கி வானத்தைச் சுட்டது. தாட்சாயணி வெடிக்கு அசையாமல், சோறு எங்கே என்பது போல எங்களைப் பார்த்தாள். சார் சேற்றில் கிடந்தபடியே அவளைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் ரயில் பாதை ஓரத்தில் இன்னொரு புதர். அதே நிற்பு, அதே நடுக்கம். "பெரிய கூட்டம் போலருக்கு. பேசாதீங்க" என்று கிசுகிசுத்த சார், துப்பாக்கியைக் குறிவைத்துக்கொண்டு காலால் புதரை உதைத்தார்.

ஆட்டு வியாபாரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சுட்ராதீகய்யா! நான் போலீசு!"

"ஆட்டு யாவாரின்னு சொன்னீரு?"

"அது பொய்யிங்கய்யா."

"அப்ப போலீசுங்கிறது மட்டும் நெசமா? அதை நான் எப்படி நம்புறது? நடங்க, ஸ்டேஷன்லயே கேட்டுருவோம்."

தம்மைக் கண்காணிக்க வந்த போலீஸ்காரரைத் தாமே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், "இந்த ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டவர் எங்கள் சார் ஒருவர்தான்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. யுத்த காலம், தண்டவாளத்தைப் பெயர்ப்பவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த நேரம். "துப்பாக்கி, விசில், கயிறு. விடியக்காலம் ரயில் ரோட்டோரத்துல என்னய்யா வேலை?"

"கௌதாரி வேட்டைங்க."

"இந்த நாயா கௌதாரி பிடிக்குது?" இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தாட்சாயணி பல்லைக் காட்டினாள். "நாளைக்கு நானே வாரேன். பிடிச்சுக் காட்டணும். இல்லைன்னா உன்னைய உள்ள வச்சிருவேன்."

அன்று சாயங்காலம் சார் நாயின் முடியில் ஒட்டிய முட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். "நான் உள்ள போயிட்டா இதை நீங்க பாத்துக்கிருவீங்களா தம்பி?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "வேணாம். நீங்க சோறு வைக்க மறந்துருவீங்க" என்றார்.

மறுநாள் காலை கொல்லையில் இன்ஸ்பெக்டர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். தாட்சாயணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கண்காட்சி நடுவர்தான், சந்தேகமில்லை என்று முடிவு செய்துவிட்டாள். காலை ஊன்றினாள், வாலை நீட்டினாள். விசில் ஊதியும் அசையவில்லை. தள்ளியும் அசையவில்லை.

"அய்யா, நீங்க பாத்தா அது நகராது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"நான் திரும்பினா நீ முதுகுல சுட்டுருவ!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மனைவி உயிரோடு இருந்த காலத்தில் அவரிடம்கூட வீட்டுச் சாவியைக் கொடுக்காதவர் எங்கள் சார். அவர் நாயைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்குங்க. நீங்களே சுடுங்க. அதை மட்டும் நம்புங்க."

இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொண்டு திரும்பி நின்றார். நடுவரின் முகம் மறைந்ததும் தாட்சாயணிக்கு உயிர் வந்தது. மூக்கைத் தரையில் வைத்தாள், வளைந்தாள், ஓடினாள், விறைத்தாள். சார் கைதட்டினார். பறவைகள் எழும்பின. இன்ஸ்பெக்டர் திரும்பிச் சுட்டார். ஒன்று விழுந்தது. தாட்சாயணி ஓடிப்போய் அதை இறகு நலுங்காமல் கவ்விக்கொண்டு, இன்ஸ்பெக்டரைக் கடந்துபோய் சார் கையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் சிரித்தார். சாரை விட்டுவிட்டார், துப்பாக்கியை விடவில்லை. யுத்தம் முடிந்ததும் தருவதாகச் சொன்னார். சார் கேட்கப் போகவில்லை. அதன் பிறகும் தினம் காலையில் நாயோடு காட்டுக்குப் போனார். அவள் காட்டுவாள், இவர் கைதட்டுவார். பறந்து போவதை இருவரும் நின்று பார்ப்பார்கள்.

ஓய்வு பெற்றதும் மேலூரில் இருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பஸ்ஸில் நாயை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மாட்டு வண்டி பிடித்தார். நான் வைகைப் பாலம் வரை வண்டிக்குப் பின்னால் நடந்தேன். கிழவியாகிவிட்ட தாட்சாயணி அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

"எதுக்கு தம்பி இம்புட்டுத் தூரம் வாரீங்க? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

என்னிடம் வேறொரு பதில் இருந்தது. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.