மீசையை எடுத்துவிட்டு வரவும்

பாலக்கோடு,
வெள்ளிக்கிழமை இரவு.

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா மாதவராஜ் அவர்களின் பாதங்களுக்கு, அண்ணன் மகள் கவிப்பிரியா, ஒன்பதாம் வகுப்பு, பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு அப்பா, அம்மா, அக்கா மூவரும் நலம். நான் மட்டும் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் உங்களுக்கு நடந்த கெடுதலைச் செய்தவள் நான்தான், அது நடந்ததே உங்களுக்கு இன்னும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, தவிர உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். விடிவதற்குள் ஓசூருக்குத் தக்காளி லோடு ஏற்றிப் போகும் சவுரியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தால் உங்கள் கம்பெனி கேட்டிலேயே கொடுத்துவிடுவார்.

சித்தப்பா, நீங்கள் இரவு செக்யூரிட்டி டியூட்டி என்பதால் நம் ஊரில் எடுத்த அந்த சினிமாப் படத்தை இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு திருடர்கள் ஒரு சின்ன ஊருக்கு வருகிறார்கள், அவர்களை கோயில் கணக்கைச் சோதனை போட வந்த பெரிய அதிகாரிகள் என்று ஊரே நினைத்துக்கொண்டு மாலை போட்டு, மேளம் அடித்து, கோயில் நகையை எண்ணிப் பார்க்கச் சொல்லி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறது, இதுதான் கதை. அதில் கடைசியில் மூன்றாவது திருடன் ஒருவன் வருவான். நகைப் பெட்டியைத் தக்காளிக்கு அடியில் ஒளித்து டிராக்டரில் தப்பிக்க வேண்டும். அந்த வேடத்துக்குச் சென்னையிலிருந்து வந்த நடிகர் நம் மார்க்கெட்டில், படத்துக்காகக் கேட்டு வாங்கிய நம் வீட்டு டிராக்டரை எடுத்தார், எடுத்த வேகத்தில் டீக்கடைப் பந்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். டைரக்டர் தலையில் கை வைத்து, “இந்த ஊர்ல டிராக்டர் ஓட்டத் தெரிஞ்சவங்க யாருப்பா?” என்று கேட்டார். ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும், ஆனாலும் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினார்கள். என் அப்பாவை! அப்பா வேண்டாங்க, வேண்டாங்க என்று பின்னால் நகர்ந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றார், அங்கேயே வைத்து மேக்கப் போட்டுவிட்டார்கள். வழவழவென்று இருக்கிற அப்பாவின் முகத்தில் காதுவரை போகிற ஒரு பெரிய மீசையை ஒட்டினார்கள். படம் வரும்வரை வெளியே சொல்லக் கூடாது என்றார்கள், அப்பா அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார். படம் வந்த பிறகும் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

போன ஞாயிறு தர்மபுரியில் படம் பார்த்தோம். சித்தப்பா, அப்பா திரையில் எவ்வளவு பெரியவராக இருக்கிறார் தெரியுமா! அவருடைய ஒரு கண் மட்டும் நம் வீட்டுக் கதவளவு இருந்தது. சட்டைக் காலரில் அம்மா போட்ட தையல்கூடத் தெரிந்தது. “ஏறுங்க” என்று ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவார், அதற்கு என் நெஞ்சுக்குள் இடி இடித்தது. பிறகு இரண்டு பக்கமும் தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிற சந்தில், டிரெய்லரோடு டிராக்டரை, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்து வெளியே கொண்டுவந்தார். ஒரு பெட்டி அசையவில்லை. ஹீரோ வந்தபோது சும்மா இருந்த தியேட்டர் அப்போதுதான் எழுந்து நின்று விசில் அடித்தது. தினமும் எங்களோடு உட்கார்ந்து களி தின்கிறவர், என்னிடம் ஹோம்வொர்க் முடிச்சியா கண்ணு என்று கேட்கிறவர், இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று வீட்டுக்கு வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டார்.

இனிதான் பயங்கரம். இண்டூரில் அக்காவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அத்தை குள்ளம்மாளும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் சொல்வதுதான் சட்டம். புதன்கிழமை நான் பள்ளி விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் என் பையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“ஏ புள்ள, நில்லு. படத்துல நகைப் பொட்டிய தக்காளிக்கு அடியில வெச்சிக்கினு போனானே, அவன் யாரு? வண்டி முன்னால கோகிலவாணி கவிப்பிரியான்னு அக்கா தங்கச்சி உங்க பேருதானே எழுதியிருக்குது?”

“அது சினிமாங்க, அத்தை.”

“மத்தவங்களுக்கு சினிமா. எங்க வூட்ல இருவது வருசமா டிராக்டர் ஓடுது, எங்கிட்டயேவா? நடிக்கறவன் எவனாச்சும் டிரெய்லரை அப்படி ஒடிச்சி ரிவர்ஸ் எடுப்பானா? அது தொழில் பண்றவன் கை. நெசத் திருடனையே புடிச்சாந்து நடிக்க வெச்சிருக்காங்க. மொகத்தைப் பாத்தா உங்கப்பன் சாயலா இருக்குது. மீசை மட்டும் இம்மாந்தண்டி. உங்கப்பனா அது?”

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிச்சயம், சித்தப்பா. அக்கா எடுத்து வைத்த பட்டுப்புடவையைத் தினமும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். அப்பாவைத் திருடன் என்று சொன்னால் எல்லாம் போச்சு. மீசை, மீசை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நம் வீட்டுச் சுவரில் பெரிய மீசையோடு இருக்கிற உங்கள் போட்டோதான் கண்ணில் வந்தது. “அப்பா இல்லைங்க. அது ஓசூர்ல இருக்கற எங்க சித்தப்பா. வண்டிய கேட்டு வாங்கிக்கினு போனாருங்க” என்று என் வாய் சொல்லிவிட்டது. சத்தியமாக நான் சொல்லவில்லை, என் வாய்தான் சொன்னது.

அத்தோடு விட்டதா? மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நேராகப் போட்டோ முன்னால் போய் நின்று, “இவருதான் ஓசூருக்காரரா?” என்றார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கொழுந்தனாரைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் விசாரிக்கிறார்களே என்று பூரித்துப் போய், “ஆமாங்க. எல்லாம் ராத்திரி வேலைதாங்க. ஊரு தூங்கும்போதுதான் அவருக்குப் பொழுது விடியும்” என்றார்கள்.

“ஓ. தனியாவா, கூட ஆளுங்க இருக்காங்களா?”

“நாலஞ்சி பேரு சேந்துதாங்க போறது. கையில டார்ச்சு, தடி எல்லாம் வெச்சிருப்பாங்க. பெரிய பெரிய கம்பெனி எல்லாம் பாத்துட்டாருங்க. ஒண்ணு முடிஞ்சா அடுத்த கம்பெனி.”

“ஒரு தடவையாச்சும் மாட்டியிருக்காரா?”

அம்மா, தூங்கிப்போய் மேனேஜரிடம் மாட்டுவதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, “பதினஞ்சி வருசத்துல ஒரு நாள்கூட இல்லைங்க, அவ்ளோ உசாரு!” என்றார்கள். குள்ளம்மாள் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு காபியைப் பாதியில் வைத்துவிட்டார்கள். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, “உங்கப்பாரு தங்கம். உங்கம்மா பாவம், வெள்ளந்தி, திருடுறதைப் பெருமையா சொல்லுது. ஆனா ஞாயித்துக்கெழம அந்த மீசைக்காரன் உள்ள கால் வெச்சான்னா நாங்க தட்டோட எந்திரிச்சிருவோம். நீயே சொல்லிரு” என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

பங்காளி ஒருவர் பக்கத்தில் உட்காராமல் நம் வீட்டில் தட்டு மாற்றுவதில்லை. அப்பாவுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வந்தால் அவர்கள் எழுந்துவிடுவார்கள், நீங்கள் வராவிட்டால் அப்பா தட்டைத் தொடமாட்டார். இரண்டு நாளாக யோசித்து ஒரே வழிதான் கண்டுபிடித்தேன். சித்தப்பா, தயவுசெய்து மீசையை எடுத்துவிட்டு வாருங்கள். அதை வைத்துத்தான் உங்களுக்குக் கேட்டில் மரியாதை என்று எனக்குத் தெரியும். ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டால் நல்லது. யாராவது கேட்டால் நீங்கள் வேறு ஒரு தம்பி என்று நான் சொல்லிக்கொள்கிறேன். டிராக்டர் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

வாழ்க்கையில் ஒருவர் பொருளையும் தொடாத உங்களைத் திருடனாக்கியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். சித்திக்கு என் வணக்கம். தம்பிக்கு என் முத்தம். நீங்கள் காக்கும் கம்பெனிகள் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் பொய் சொன்ன மகள்,
கவிப்பிரியா

பின்குறிப்பு: சித்தப்பா, மடிக்கும்போது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். கடிதத்தை வாங்கி, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். நான் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் போனை எடுத்து இண்டூருக்கே போட்டுவிட்டார். மணி பத்துகூட ஆகவில்லை.

“அம்மிணி, மாதையன் பேசறேங்க. படத்துல வண்டி ஓட்டுனது நாந்தாங்க. ஒட்டு மீசைங்க அது. என் தம்பி செக்யூரிட்டிங்க, அவன் மேல எந்தப் பழியும் இல்லைங்க.”

குள்ளம்மாள் அத்தையின் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது: “அப்போ அந்தப் புள்ள எங்கிட்ட ஏன் அப்படிச் சொல்லுச்சி?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, “நாந்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துதுங்க” என்றார். பிறந்ததிலிருந்து பொய்யே சொல்லாதவர், சித்தப்பா. திரையில் பார்த்ததைவிட அப்போது பெரியவராக இருந்தார்.

“திருடனா நடிக்க உங்களுக்கு நல்லா வருது” என்றார்கள் அத்தை. “பொய் சொல்ல மட்டும் வர்ல, அண்ணா. புள்ளைய அடிச்சிராதீங்க. ஞாயித்துக்கெழம வர்றோம். உங்க தம்பியை மீசையோட வரச் சொல்லுங்க, அவருகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்.”

இனி இந்தக் கடிதம் எதற்கு என்று கிழிக்கப் போனேன். “அனுப்பு. அவன் தெரிஞ்சிக்கணும்” என்று சொல்லிவிட்டு அப்பா படுத்துக்கொண்டார். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், சித்தப்பா. நான் மன்னிப்புக் கேட்டது மட்டும் அப்படியே இருக்கட்டும்.