சூனியக்காரியின் மோவாய் மச்சம்

ஆறாம் பாகத்தின் கைப்பிரதி மாமியாரின் அறைக்குள் போய், கதவும் சாத்தப்பட்ட பிறகுதான் நாவலாசிரியருக்கு உறைத்தது. பதினேழாம் பக்கத்துச் சூனியக்காரிக்கு அவர் மாமியாரின் முகத்தையே வைத்திருந்தார்.

வேண்டுமென்று செய்ததல்ல. அவர் மாயாஜால நாவல்களைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவர். எதிர் நாற்காலி மாமியாருடையது. மோவாயில் மச்சம், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, பேசுமுன் ஒரு செருமல் எல்லாம் தாமாகவே தாளில் இறங்கியிருந்தன. போதாக்குறைக்கு, அந்தச் சூனியக்காரி யாராவது தப்பாகப் பேசினால் தவளையாக்கிவிடுவாள். மாமியார் முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஐந்து பாகங்களுக்கும் பிழை திருத்தியவர் அவர்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் மாமியார் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். ஒற்றுப்பிழைகள் ஆறு திருத்தப்பட்டிருந்தன. வேறு ஒரு வார்த்தை இல்லை. மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு யார் யாருக்கோ போன் செய்தார். தாழ்ந்த குரல். இடையிடையே "மாப்பிள்ளை" என்பது மட்டும் வெளியே கேட்டது.

"எங்க அம்மாவை என்ன சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. எழுதிட்டேன்."

மனைவி பதினேழாம் பக்கத்தைப் படித்தாள். தாளை மடித்து அவர் கையில் கொடுத்து, உடனே மாற்றச் சொன்னாள்.

அவர் மச்சத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகம் வெறிச்சென்று இருந்ததால் நீளமாக ஒரு மூக்கை வைத்தார். திருத்திய பக்கத்தைப் பார்த்ததும் மாமியாரின் முகம் சுருங்கிப்போனது. கண் சரியில்லை, இனிப் பிழை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். மனைவியும் பேச்சை நிறுத்தினாள். அந்த மூக்கு அவளுடைய அக்காவுடையதாம்.

இன்னும் தூரமாகப் போக வேண்டும் என்று நாவலாசிரியருக்குப் பட்டது. சூனியக்காரியை ஆணாக்கினார். வழுக்கை, தொப்பை, நாள் முழுக்க நாற்காலி. மனைவி படித்துவிட்டு, முதல் தடவையாக இந்தத் தொடரில் ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்றாள். மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

எதிர் நாற்காலி காலியானதும் அவருக்குத் திருத்தி எழுத ஓடவில்லை. பிழை பார்க்கவும் ஆளில்லை. நாற்பதாம் பக்கத்தில் இளவரசன் உறையிலிருந்து வாலை உருவினான். அடுத்த பக்கத்தில் அதைச் சுழற்றினான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குடும்பமா சூனியமா என்று யோசித்து, அந்தப் பாத்திரத்தையே அடியோடு நீக்கினார். அறுநூறு பக்கம் எண்பதாகச் சுருங்கியது.

பதிப்பாளர் போன் செய்தார்.

"சார், இளவரசன் மலை ஏறுறான், இறங்குறான், வீட்டுக்கு வந்து படுத்துக்கறான். யார்கூடயும் சண்டையே போடலையே?"

"அமைதியான நாடு," என்றார் நாவலாசிரியர்.

அறிவிப்பு கொடுத்தாகிவிட்டதால் புத்தகம் அப்படியே வெளிவந்தது. முதல் பிரதியை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாமியாரின் அறைக்குப் போனார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"அத்தை, தெரியாம நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் பொம்பளையைச் சுத்தமா எடுத்துட்டேன்."

மாமியார் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். அங்கே இப்போது ஓர் ஆலமரம் நின்றது. மரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சரி, மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

மன்னித்துவிட்டார் என்று நாவலாசிரியர் நினைத்தார். ஒரு மாதமாக இல்லாத நிம்மதியோடு மூச்சு விட்டார். இரண்டு நாள் கழித்து அழைப்பு மணி அடித்தது. மாடி வீட்டு அம்மாள் புத்தகமும் கையுமாக நின்றிருந்தார்.

"அம்மா இருக்காங்களா சார்? மாப்பிள்ளை என்னைச் சூனியக்காரியா எழுதியிருக்கார்னு போன மாசம் எல்லாருக்கும் போன் பண்ணிப் பெருமையாச் சொன்னாங்க. நாங்களும் வீட்டுக்கு ஒண்ணா வாங்கிட்டோம், எந்தப் பக்கத்துல வர்றாங்கன்னுதான் தெரியலை."