மேலான பார்வையும் வெப்பப் பார்வையும்

கிட்டப் பார்வை, தூரப் பார்வை, கடைக்கண் பார்வை, கழுகுப் பார்வை என்று உலகில் பார்வைகள் பல உண்டு. அத்தனையையும் ஒரு தட்டில் வைத்து, 'மேலான பார்வை'யை மறுதட்டில் வைத்தால், மேலானதே கீழே இறங்கும். விண்ணப்பங்களின் நெற்றியில் 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று எழுதுகிறோமே, அந்தப் பார்வை. மனித இனம் எட்டிய உச்சம் அது. அதையும் மிஞ்சிய பார்வை ஒன்று உண்டா என்று ஆராய ஒரு நிறுவனம் குழுவே அமைத்தது என்றால், அதன் பெருமையை என்னவென்று சொல்வது!

நிறுவனத்தின் தொழில், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. பாத்திரக் கடை என்று எண்ணிவிட வேண்டாம். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நான் மாயாவி, நீ குள்ளர்குலப் பிரபு என்று வேடம் பிரித்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். அதற்கான விதிநூலைப் படங்களோடு தயாரிப்பார்கள். புதிய நூலில் குள்ளர்களுக்கு 'வெப்பப் பார்வை' அருளப்பட்டிருந்தது. கும்மிருட்டிலும் சூட்டைக் கண்ணால் காணும் வரம்.

அதைப் படமாக வரையும் பொறுப்பு ஓவியரிடம் வந்தது. அவளுக்கு அந்த வரம் தேவைப்படவில்லை. கண்ணை மூடினாலும் வெப்பம் தெரிந்தது. ஓவியக் கூடத்துக்குத் தகரக் கூரை. சுவரில் இருந்த ஏசி, கோடை பிறந்ததும் தான் இறந்தது. தூரிகை காகிதத்தைத் தொடுவதற்குள் வண்ணம் காய்ந்தது. உள்ளங்கை காகிதத்தில் ஒட்டிக்கொள்ள, கையை எடுத்தால் குள்ளரின் தாடியும் கூடவே வந்தது. பக்கத்து மேஜையில் வண்ணம் தீட்டும் சின்னவள் ஆறு மாதக் கர்ப்பிணி. முந்தின நாள்தான் மயங்கி, நீல வண்ணத் தட்டின் மேலேயே கவிழ்ந்திருந்தாள்.

கூடத்தின் கோடியில் மேலாளரின் கண்ணாடி அறை. அங்கே தனி ஏசி, உயிரோடு. மேலாளர் கோடை முழுவதும் கம்பளிச் சட்டையில் இருந்தார். ஓவியர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அவருடைய மேலான பார்வையில் இருந்தது. அதாவது, காபிக் கோப்பைக்கு அடியில்.

"சார், அந்த ஏசி..."

"அதுக்குத்தாம்மா வர்றேன்," என்றார் மேலாளர், எதற்கும் வராமல். "வெப்பப் பார்வைப் படத்தைக் குழு ஒத்துக்கட்டும். அன்னிக்கே ஆளை வரச் சொல்லிடறேன். படம் முதல்ல, பட்டபாடு அப்புறம்."

"சின்னவ நேத்து மயங்கி விழுந்துட்டா சார்."

"பார்த்தேம்மா. வேலையில அப்படியே ஒன்றிப் போயிட்டாங்க."

குழுவில் மூவர். மேலாளர் தலைவர். விதிகளை எழுதுபவர் உறுப்பினர். எதைக் கேட்டாலும் 'அதுக்கு ஒரு உபவிதி போட்டுடலாம்' என்பதால் அவரை எல்லோரும் 'உபவிதி' என்றே அழைத்தார்கள். மூன்றாமவர் வெப்ப ஆலோசகர். வெப்பத்தில் அவருக்கு இருந்த தகுதி, மேலாளரின் மனைவியோடு உடன்பிறந்தது.

கண்ணாடி அறையில் குழு கூடியது. ஓவியர் முதல் படத்தை விரித்தாள். கருங்குகை. நடுவே செக்கச் சிவந்த ஒரு பூதம். மற்றதெல்லாம் இருட்டு.

"சுவர் எங்கே?" என்றார் ஆலோசகர்.

"தெரியாது சார். சுவருக்கும் காத்துக்கும் ஒரே சூடு. வித்தியாசம் இருந்தாத்தான் இந்தப் பார்வைக்குத் தெரியும்."

"அப்ப குள்ளர் போய் முட்டிக்க மாட்டாரா?"

"முட்டிப்பார்."

மேலாளர் பதறிப்போனார். "பிரபும்மா அவரு! முட்டிக்கக் கூடாது. மாப்ளே, என்ன பண்ணலாம்?"

"சுவரை லேசா வெதுவெதுன்னு வெச்சுடலாம் மாமா. மன்னிக்கணும், தலைவர் அவர்களே."

சுவர் வெதுவெதுப்பானது. அடுத்து எலும்புக்கூடு வந்தது. உண்மையில் வரவில்லை. சதையும் இல்லை, ரத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஆகவே படத்தில் அதுவும் இல்லை.

"நூலோட அட்டையிலயே எலும்புக்கூடுதானே இருக்கு! நம்ம குள்ளருக்குத் தெரியலைன்னா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார் மேலாளர்.

"செத்து நூறு வருஷமாச்சு சார். உடம்புல சூடு எப்படி இருக்கும்?"

"உபவிதி போட்டுடலாம்," என்றார் உபவிதி. எலும்புக்கூட்டுக்கு மிதமான காய்ச்சல் இருப்பதாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

இருட்டில் குள்ளரால் ஓலை படிக்க முடியுமா என்ற கேள்வியும் எழுந்தது. முடியாது, மைக்கும் ஓலைக்கும் ஒரே சூடு என்றாள் ஓவியர். இதை மட்டும் மேலாளர் உடனே ஏற்றுக்கொண்டார். "பிரபுக்கள் எங்கேம்மா படிக்கிறாங்க? எடுத்து வெச்சுப்பாங்க," என்று கோப்பையைத் தூக்கிக் காபி குடித்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார்.

கடைசிப் படத்தில்தான் வினை. மாளிகை ஒன்றின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே குள்ளர் நிற்கிறார். உள்ளே நெருப்பு எரிகிறது, விருந்து நடக்கிறது. ஆனால் ஓவியர் வரைந்த சன்னலில் நெருப்பும் இல்லை, விருந்தும் இல்லை. மங்கலாய்ச் சிவந்த குள்ளரின் முகம் மட்டும் இருந்தது.

"என்ன இது? இவரு எப்படி உள்ள போனாரு?" என்றார் மேலாளர்.

"உள்ள போகல சார். இந்தப் பார்வை கண்ணாடியைத் தாண்டாது. முன்னாடி நின்னா அவர் மூஞ்சிதான் அவருக்குத் திரும்பித் தெரியும்."

மேலாளர் சிரித்தார். கம்பளிச் சட்டை குலுங்கியது. "கண்ணாடியே வெளியில பார்க்கத்தாம்மா! நான் இங்கேர்ந்து உங்க எல்லாரையும் தினம் பார்க்கறேனே."

"என்ன சார் தெரியுது?"

"சுறுசுறுப்பு! ஒவ்வொருத்தர் முகமும் பளபளன்னு மின்னுது. அந்த உற்சாகத்தைப் பார்த்தா என் மனசே குளிர்ந்து போகுது."

ஓவியர் முகத்தின் உற்சாகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சோதிச்சே பார்த்துடலாம்," என்றார் ஆலோசகர். அறிவியல் முன்னேறுவது இப்படிப்பட்டவர்களால்தான். மறுநாளே, மின்கம்பிச் சூடு பார்ப்பவர்களிடமிருந்து வெப்பம் காட்டும் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஓவியருக்கு உள்ளூர மகிழ்ச்சி. கருவி கூடத்தைப் பார்த்தால் தகிக்கும் தகரம், வேகும் மனிதர்கள் எல்லாம் திரையில் பழுக்கக் காய்ந்து தெரியும். அதற்கப்புறம் விண்ணப்பம் எதற்கு?

"அக்கா, இன்னிக்காவது அவருக்கு உறைக்குமா?" என்று கேட்டாள் சின்னவள், ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு.

"மனுஷனுக்கு உறைக்கலைன்னாலும் மெஷினுக்கு உறைக்கும்டீ."

மேலாளர் நாற்காலியை விட்டு எழாமல், கண்ணாடி வழியாகக் கூடத்தைக் குறிபார்த்தார். குழு மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலாளரின் முகம் மலர்ந்தது.

"ஆகா! என்ன தெளிவு! மாப்ளே, இங்க பாரு. மூக்கு எப்படி எடுப்பா இருக்கு!"

"உங்க மூக்கேதான் மாமா!"

"கூடம் தெரியுதா சார்?" என்றாள் ஓவியர்.

"இல்லம்மா. நான்தான் முழுக்க இருக்கேன்."

"அதான் சார் நேத்து சொன்னேன். கண்ணாடி..."

"நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி!" மேலாளர் கருவியை மடியில் வைத்துக்கொண்டார். "வெப்பம் இருந்தா இதுல தெரியும். இருக்கற என்னை எவ்வளவு நல்லாக் காட்டுது! கூடத்துல ஒண்ணுமே காட்டலை. ஆக, கூடத்துல?"

"வெப்பம் இல்லை," என்று முடித்தார் ஆலோசகர்.

உபவிதி எழுதிக்கொண்டார்: 'ஓவியக் கூடத்தில் வெப்பம் இல்லை என்பது அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது. படங்கள் ஏற்கப்பட்டன. ஏசி குறித்த விண்ணப்பம் தேவையற்றதாகிவிட்டபடியால் முடித்துவைக்கப்பட்டது.'

ஓவியருக்குக் காதில் புகை வந்தது. கருவி அதையும் காட்டவில்லை. "சார், ஒரு நிமிஷம் அந்தக் கதவைத் திறந்து வெச்சுப் பாருங்க. ஒரே நிமிஷம்."

மேலாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கதவைத் திறந்தா குளிர் வெளிய போயிடும்மா."

அவள் போவதற்காகக் கதவு ஒரு கீற்றுத் திறந்தது. ஆலோசகர் அதை உடனே சாத்தினார். கூடத்தின் அனல் முகத்தில் அறைந்தது. சின்னவள் ஈரத்துணியை மறுபுறம் திருப்பிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னக்கா, பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"என்ன தெரிஞ்சுதாம்?"

"அவருதான்."